மறைந்த மணற்கடிகாரம்: கைப்பேசிச் செயலிகளின் நிறக் கணக்கு

மழைக்காலத்தில் ஒரு காலை. மும்பை மாதுங்கா வட்டாரத்துக் கிளையொன்றில் பணிநேரம் தொடங்கிச் சிறிது நேரமே ஆகியிருந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு எங்கள் மேசைக்கு வந்தார். முந்தைய நாள் இரவு கைப்பேசியில் மின்கட்டணம் 2,340 ரூபாய் செலுத்தியிருந்தார். ஆனால் கணக்கிலிருந்து அதே தொகை இருமுறை பற்று வைக்கப்பட்டிருந்தது.

"முதல் தடவை கட்டினப்போ திரையில ஒண்ணுமே வரல சார். வெறும் கறுப்பு. போகலைன்னு நெனச்சு மறுபடியும் கட்டிட்டேன்" என்றார்.

அவர் பயன்படுத்தியது ஒரு கட்டணச் செயலி. அதன் பெயர் இங்கு வேண்டா. கைப்பேசியை வாங்கிப் பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து பார்த்தோம். இரண்டாம் பதிவின் அருகே பச்சை நிறத்தில் சரிக்குறி இருந்தது. முதல் பதிவின் அருகே வெற்றிடம். கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பின் திரையின் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்ததால், பேரன் கைப்பேசியை டார்க் தீமுக்கு, அதாவது கரிய பின்புலத்தில் வெள்ளை எழுத்துகள் தெரியும் இருள் தோற்றத்துக்கு, மாற்றிக் கொடுத்திருக்கிறான். நாங்கள் அதைப் பழைய வெளிர் தோற்றத்துக்கு மாற்றினோம். வெற்றிடமாக இருந்த இடத்தில் கருநீல மணற்கடிகாரம் ஒன்று தோன்றியது. அதன் கீழே 'செயற்பாட்டில் உள்ளது' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் சிறிய எழுத்தில் இருந்தன. அவை எழுத்துகளாக அன்றிப் படத்தின் பகுதியாகவே வரையப்பட்டிருந்தன. இருண்ட திரையில் படமும் சொல்லும் சேர்ந்தே மறைந்துபோயின.

அம்மையாரின் பணம் நான்காம் நாள் தானாகவே கணக்குக்குத் திரும்பிற்று. ஆயினும் அந்த மணற்கடிகாரம் எங்கள் மனத்தில் தங்கிவிட்டது. திரையின் எழுத்துகளெல்லாம் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஒழுங்காக மாறியிருக்க, ஒரு படம் மட்டும் ஏன் மாறவில்லை? இதற்கான விடை செயலி எழுதும் பொறியாளர்களின் தொழில் நுணுக்கமாகத் தோன்றினாலும், வட்டிக் கணக்கு அறிந்த எவருக்கும் எளிதில் விளங்கக்கூடியதே.

2019-ஆம் ஆண்டுதான் இந்த மாற்றம் பரவலாகத் தொடங்கியது. அவ்வாண்டு வெளியான ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 13 ஆகிய இரு இயங்குதளங்களும் கைப்பேசி முழுமைக்கும் பொருந்தும் இருள் தோற்றத்தைக் கொண்டுவந்தன. அதற்கு முன் ஒரு செயலியின் பின்புலம் என்ன நிறம் என்பதை அதை உருவாக்கியவர் முடிவு செய்தார். அதன் பின் அந்த உரிமை பயனாளரிடமும் வந்து சேர்ந்தது. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 இன்னும் ஒரு படி சென்று, பயனாளர் திரையில் வைத்திருக்கும் வால்பேப்பர் படத்திலிருந்தே நிறங்களை எடுத்துச் செயலிகளுக்கு வழங்கும் வசதியைத் தந்தது. ஆக, படம் வரைபவருக்குத் தம் படம் எந்த நிறத் தரையில் போய் விழும் என்பது முன்கூட்டியே தெரியாது. செம்மண் தரைக்கென வெள்ளை மாவில் பழகிய கோலத்தை வெண்சிமெண்டுத் தரையில் போட்டால் என்ன ஆகுமோ, அதுவே இங்கும் ஆகிறது. கோலம் பிழையற்றது, தரைதான் மாறிவிட்டது.

திரையில் தெரியும் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் கலவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் அளவு உண்டு. மூன்றும் 0 ஆனால் கறுப்பு, மூன்றும் 255 ஆனால் வெள்ளை. அந்த மணற்கடிகாரத்தை வரைந்தவர் இத்தகைய எண்களைப் படத்துக்குள்ளேயே நிலையாக எழுதிவிட்டார் என்றே கொள்ளவேண்டும். எழுத்துகளை அமைத்தவரோ எண்ணை எழுதாமல் 'பின்புலத்தின் மேல் வரும் எழுத்தின் நிறம்' என்று பெயரை மட்டும் குறித்திருப்பார். அந்தப் பெயருக்கு உரிய எண் எது என்பது தனியே ஓர் அட்டவணையில் இருக்கும். வெளிர் தோற்றத்துக்கு ஓர் அட்டவணை, இருள் தோற்றத்துக்கு வேறோர் அட்டவணை. தோற்றம் மாறும்போது அட்டவணை மாறுகிறது. பெயரைக் குறித்தவை அனைத்தும் உடன் மாறுகின்றன. எண்ணைச் சுமந்துகொண்டிருப்பவை மாறுவதில்லை.

வீட்டுக்கடன் பெற்ற வாடிக்கையாளர்களுக்கு இது புதிதன்று. 2019 அக்டோபர் 1 முதல், மாறும் வட்டியில் வழங்கப்படும் புதிய வீட்டுக்கடன்களை வெளிப்புற அடிப்படை விகிதம் ஒன்றோடு இணைக்கவேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கட்டளையிட்டது. அவ்விகிதம் பெரும்பாலும் ரெப்போ விகிதமே. அத்தகைய ஒப்பந்தத்தில் வட்டி வெறும் எண்ணாக இருப்பதில்லை. 'ரெப்போ விகிதமும் அதன் மேல் இவ்வளவும்' என்று உறவாக எழுதப்படுகிறது. ரிசர்வ் வங்கி விகிதத்தை மாற்றினால் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதவேண்டியதில்லை. உரிய நாளில் வட்டி தானே மாறிவிடும். நிலையான வட்டி ஒப்பந்தமோ எழுதிய எண்ணோடு நின்றுவிடும். எழுத்துகள் மாறும் வட்டியில் இருந்தன, மணற்கடிகாரம் நிலையான வட்டியில் இருந்தது.

படங்களில் இருவகை உண்டு. ஒன்று, புள்ளிகளால் ஆன நிழற்படம் போன்றது. அதன் ஒவ்வொரு புள்ளியிலும் நிறம் பதிந்துவிட்டிருக்கும். மற்றொன்று கோட்டுப்படம்: 'இங்கிருந்து அங்கே கோடு இழு, இந்த வட்டத்தை நிரப்பு' என்னும் கட்டளைகளின் தொகுப்பு. இரண்டாம் வகையில், 'எந்த நிறத்தால் நிரப்புவது' என்ற இடத்தில் எண்ணுக்குப் பதிலாக அட்டவணைப் பெயரை எழுதலாம். அப்போது ஒரே படம் எல்லாத் தோற்றங்களுக்கும் பொருந்தும். முதல் வகைக்கு அந்த வழி இல்லை. தோற்றத்துக்கு ஒன்றாக இரு படங்கள் வைக்கவேண்டும். அல்லது படத்தின் பின்னே ஒரு வெளிர் பலகையை வைத்துவிடவேண்டும். படத்துக்குள் சொற்களை வரைவது எந்த வகையிலும் தவறு. நிறம் மாறாது, எழுத்தைப் பெரிதாக்கினால் பெரிதாகாது, பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அது எட்டாது.

இவை தவிர, செயலி தானே அவ்வப்போது வரையும் படங்களும் உண்டு. மாதச் செலவைத் துண்டுகளாகக் காட்டும் வட்டம், கடனில் எவ்வளவு அடைபட்டது என்று காட்டும் வளையம், இருப்பின் ஏற்ற இறக்கக் கோடு ஆகியன அவை. இவற்றை வரையும் நிரல், வரையும் ஒவ்வொரு முறையும் 'இப்போது நடப்பில் இருக்கும் தோற்றம் எது?' என்று கேட்டாகவேண்டும். பல கைப்பேசிகள் மாலை ஆனதும் தாமே இருள் தோற்றத்துக்கு மாறுகின்றன. செயலி திறந்திருக்கும் வேளையில் அம்மாற்றம் நிகழ்ந்தால், எழுத்துகள் உடனே வெண்மையாகும். படமோ பகல் நிறத்திலேயே கிடக்கும். செயலியை மூடித் திறந்தால் சரியாகிவிடும். கிளைக்கு வந்து 'நேற்று மாலை தெரியவில்லை, இப்போது தெரிகிறது' என்று தயங்கிச் சொல்லும் வாடிக்கையாளரை நாங்கள் இப்போதெல்லாம் நம்புகிறோம்.

எல்லா நிறங்களும் தோற்றத்தைப் பின்பற்றவேண்டும் என்பதும் சரியன்று. கடைகளில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியையே எடுத்துக்கொள்வோம். வெளிர் தளத்தில் கரிய சதுரங்கள், சுற்றிலும் நான்கு சதுர அகலத்துக்கு வெற்று விளிம்பு என்பதே அதன் இலக்கணம். பணம் பெறுவதற்காக உங்கள் கைப்பேசியில் அக்குறியைத் திறக்கும்போது, செயலி அதையும் இருள் தோற்றத்துக்கு ஏற்பத் தலைகீழாக்கி, கறுப்பில் வெள்ளையாகக் காட்டினால், பல வாசிப்பான்கள் அதைப் படிக்க மறுக்கும். எனவே நல்ல செயலி, திரை எவ்வளவு இருண்டிருந்தாலும், க்யூஆர் குறியை மட்டும் வெள்ளைப் பலகையின் மேல் வைத்தே காட்டும். நிறுவன முத்திரையும் அப்படியே. அதன் நிறம் அதன் அடையாளம்.

இனிக் கொஞ்சம் கணக்கு. வணிகவியல் படித்தவர்களுக்கு இந்த இடத்தில்தான் உண்மையான மகிழ்ச்சி. ஒரு நிறம் மற்றொன்றின் மேல் எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதை அளக்க உலகெங்கும் ஏற்கப்பட்ட வாய்பாடு ஒன்று உண்டு. இரு நிறங்களின் ஒளிர்வையும் கண்டு, ஒவ்வொன்றோடும் 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்கவேண்டும். வெள்ளையின் மேல் கறுப்புக்கு 21 வரும், அதுவே உச்சம். வலைத்தள அணுகல் நெறிகள் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்கின்றன. பொருள் உணர்த்தும் குறிகளுக்கும் படங்களுக்கும் குறைந்தது 3 வேண்டும் என்று 2018-இல் வந்த அவற்றின் 2.1 பதிப்பு சேர்த்தது.

அந்த மணற்கடிகாரத்தின் கருநீலத்தை, சிவப்பு 0, பச்சை 0, நீலம் 128 என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்த்தோம். வெள்ளையின் மேல் அதன் மதிப்பு ஏறத்தாழ 16. மிக நன்று. கறுப்பின் மேல் ஏறத்தாழ 1.3. அஃதாவது, இருந்தும் இல்லாத நிலை. இரண்டையும் பெருக்கினால் 21 வருவதைக் கவனியுங்கள். இது தற்செயல் அன்று. எந்த நிறத்தை எடுத்தாலும் வெள்ளையின் மேல் அதன் மதிப்பையும் கறுப்பின் மேல் அதன் மதிப்பையும் பெருக்கினால் 21-தான் வரும். ஒரு பக்கம் வரவு வைத்தால் மறுபக்கம் பற்று விழுகிறது.

இதிலிருந்து ஒரு முடிவு தானே கிடைக்கிறது. 21-இன் வர்க்கமூலம் 4.58. ஆகவே இரு பின்புலங்களிலும் எழுத்துக்கு வேண்டிய 4.5-ஐப் பெறக்கூடிய நிறங்கள் ஊசிமுனை இடைவெளியில்தான் இருக்கின்றன. அதுவும் முழுக் கறுப்பில்தான். இன்று பல செயலிகள் முழுக் கறுப்புக்குப் பதிலாக, மூன்று ஒளிகளும் 18 ஆக இருக்கும் அடர்சாம்பலைப் பின்புலமாக வைக்கின்றன. அதன் மேல் வெள்ளையின் மதிப்பே 18.7-தான், அதன் வர்க்கமூலம் 4.3. வெள்ளைக்கும் அந்தச் சாம்பலுக்கும் ஒருசேரப் பொருந்தி எழுத்துக்கு உதவும் நிறம் என்று ஒன்றும் இல்லை. 'நல்லதாக ஒரு நிறத்தைத் தேர்ந்து எல்லா இடத்திலும் அதையே போட்டுவிடலாம்' என்னும் எண்ணம் கணக்கிலேயே தோற்றுப்போகிறது. குறிகளுக்கு 3 போதும் என்பதால் இடைநிறம் ஒன்றைக் கொண்டு ஒப்பேற்றலாம். ஆனால் அது இரண்டு தோற்றங்களிலும் மந்தமாகவே இருக்கும். பணம் போயிற்றா இல்லையா என்று சொல்லும் குறிக்கு அந்த மந்தம் தகாது என்பதே எங்கள் கருத்து. இரு அட்டவணைகள் வைத்துக்கொள்வதே முறை.

சரி, நிறம் தெளிவாகத் தெரிகிறது என்றே கொள்வோம். அது சொல்லும் செய்தி எல்லோருக்கும் எட்டுமா? சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பார்வைக் குறை, எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால், பெண்களைவிட ஆண்களிடையே மிகுதி. 1917-இல் ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா வெளியிட்ட வண்ணப் புள்ளிச் சோதனைத் தாள்களை ஓட்டுநர் உரிமத்துக்கோ இரயில்வே பணிக்கோ கண் பரிசோதனை செய்துகொண்டவர்கள் பார்த்திருப்பார்கள். இக்குறை உள்ளவர்களில் பலர் அதை அறியாமலே வாழ்கிறார்கள். வரவுக்குப் பச்சைப் புள்ளி, பற்றுக்குச் சிவப்புப் புள்ளி என்று மட்டும் வைக்கும் செயலி அவர்களுக்கு இரண்டு பழுப்புப் புள்ளிகளைத்தான் காட்டுகிறது. முதுமையில் கண்வில்லை மஞ்சளிக்கும்போது நீலத்தின் நுண்ணிய வேறுபாடுகளும் மங்கும். நிறத்தின் பொருள்கூட ஊருக்கு ஊர் வேறு: நம் பங்குச் சந்தைத் திரைகளில் விலையேற்றம் பச்சை; சீனத்தில் ஏற்றத்துக்குச் சிவப்பு, இறக்கத்துக்குப் பச்சை.

இதற்கு விடை உங்கள் பணப்பையிலேயே இருக்கிறது. புதிய வரிசை நூறு ரூபாய்த் தாள் லாவண்டர் நிறம், இருநூறு பளிச்சிடும் மஞ்சள், ஐந்நூறு கற்சாம்பல். நிறம் பார்த்தே பலரும் எடுத்துக் கொடுக்கிறோம். ஆனால் ரிசர்வ் வங்கி நிறத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. தாள்களின் அளவு வேறு, எண் வேறு. விளிம்பில் விரலுக்குத் தட்டுப்படும் சாய்கோடுகளும் உண்டு: நூறுக்கு நான்கு, இருநூறுக்கு நான்கு கோடுகளும் அவற்றின் இடையே இரு வட்டங்களும், ஐந்நூறுக்கு ஐந்து. போதாதென்று, தாளைக் கைப்பேசியின் கேமரா முன் காட்டினால் மதிப்பை வாய்விட்டுச் சொல்லும் 'மணி' என்னும் செயலியையும் 2020-இல் வெளியிட்டது. ஒரே செய்தி நிறத்தாலும் வடிவாலும் எண்ணாலும் தொடுகையாலும் சொல்லப்படுகிறது. செயலியில் இதற்கு நிகரானது: வெற்றிக்குச் சரிக்குறி, தோல்விக்குப் பெருக்கல் குறி, காத்திருப்புக்கு மணற்கடிகாரம், ஒவ்வொன்றின் அருகிலும் அதைச் சொல்லும் சொல். நிறம் அதன் பிறகு வரட்டும்.

நிறத்தை அளவுக்கு மீறி நம்புவதில் இன்னொரு கேடும் உண்டு. அது பொறியாளரால் வருவதன்று. புகழ்பெற்ற கட்டணச் செயலிகளின் பச்சைத் திரையையும் சரிக்குறியையும் அப்படியே போலி செய்து காட்டும் செயலிகள் உலவுகின்றன. நெரிசல் வேளையில் வாங்கியவர் கைப்பேசியை நீட்டுகிறார். கடைக்காரர் பச்சையைப் பார்த்துப் பொருளைக் கொடுத்து அனுப்புகிறார். மாலையில் கணக்குப் பார்க்கும்போது பணம் வந்திருக்காது. பிறர் திரையில் தெரியும் நிறம் எவ்வகையிலும் ரசீது ஆகாது. உங்கள் சொந்தக் கணக்கில் வரவு விழுந்திருக்கிறதா என்று உங்கள் கைப்பேசியிலோ, கடையில் வைத்திருக்கும் குரல் அறிவிப்புப் பெட்டியிலோ தெரிந்துகொண்ட பின்னரே பொருளைக் கொடுங்கள். ஐயம் எழுந்தால் 12 இலக்கப் பரிவர்த்தனைக் குறிப்பெண்ணைக் கேட்டு வாங்கி, கணக்கு அறிக்கையோடு ஒப்பிடலாம். ஏமாற்றப்பட்டீர்கள் என்று தெரிந்தால் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். உங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள்.

திரை வெறுமையாக இருந்தால் என்ன செய்வது? மறுபடி செலுத்தவேண்டா. முதலில் கணக்கு இருப்பைப் பாருங்கள், அல்லது வங்கியின் குறுஞ்செய்தியைப் பாருங்கள். பணம் பற்று வைக்கப்பட்டிருந்தால் பரிவர்த்தனை நடப்பில் இருக்கிறது என்றே பொருள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, யூபிஐ வழியாக ஒருவருக்கு அனுப்பிய பணம் அவர் கணக்கில் சேராவிட்டால், பரிவர்த்தனை நாளுக்கு அடுத்த நாளுக்குள் அது தானாகவே திருப்பி வரவு வைக்கப்படவேண்டும். வணிக நிறுவனத்துக்குச் செலுத்தியதாயின் ஐந்து நாளுக்குள். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கு நீங்கள் விண்ணப்பிக்கவேண்டியதும் இல்லை.

உங்கள் கைப்பேசியிலேயே செய்து பார்க்கத்தக்க சிறு சோதனை ஒன்றுண்டு. செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து, ஒருமுறை வெளிர் தோற்றத்திலும் ஒருமுறை இருள் தோற்றத்திலும் பாருங்கள். ஒன்றில் இருந்த குறி மற்றொன்றில் காணாமற்போனால் இரண்டையும் திரைப்பிடிப்பு எடுத்து, கணக்கு எண், தொகை முதலியவற்றை மறைத்துவிட்டு, செயலியின் கருத்துப் பகுதி வழியாக அனுப்புங்கள். 'சரியாகத் தெரியவில்லை' என்னும் பொதுப் புகாரைவிட இந்த இரு படங்கள் பொறியாளருக்கு மிகவும் பயன்படும். எந்தப் படத்தில் எண் நிலையாகப் பதிந்திருக்கிறது என்று அவர் பார்த்ததுமே அறிந்துகொள்வார். கைப்பேசியின் அமைப்புகளில் அணுகல்தன்மை என்னும் பிரிவில் எழுத்தின் தெளிவைக் கூட்டவும், நிறங்களைப் பார்வைக்கு ஏற்பத் திருத்தவும் வழிகள் உண்டு. இருள் தோற்றம் எல்லோருக்கும் இதம் தருவதும் இல்லை. சிதறல்பார்வை உள்ள சிலருக்குக் கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து கசிந்தாற்போல் தெரியும். கண்ணுக்கு எது பொருந்துகிறதோ அதுவே அவரவர்க்கு நல்லது.

அம்மையாரிடம் இவற்றையெல்லாம் அன்று விரிவாகச் சொல்லவில்லை. பணம் திரும்பி வரும் என்றும், அதுவரை மூன்றாம் முறை செலுத்தவேண்டா என்றும் மட்டும் சொன்னோம். கைப்பேசியை மீண்டும் இருள் தோற்றத்துக்கே மாற்றிக் கொடுத்தோம், கண் கூசுமல்லவா? அவர் கைப்பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து நீட்டினார். "இதுல போட்டுக் குடுத்துடுங்க சார். இதுல இருட்டு, வெளிச்சம்னு எதுவும் கெடையாது" என்றார். அச்சியந்திரத்தில் வைத்தோம். ரிப்பன் தேய்ந்திருந்தது போலும், இரண்டு பற்றுகளும் வெள்ளைத் தாளில் வெளிர்சாம்பலாக விழுந்தன. கண்ணாடியை உயர்த்தி உயர்த்திப் பார்த்தார். நாங்கள் ஒன்றும் பேசாமல் புதிய ரிப்பனை மாட்டி, அடுத்த பக்கத்தில் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தோம்.